செடிக்குச் சூடு தெரியுமா? அரிஸ்டாட்டிலை இன்றைய மனக் கோட்பாடுகளோடு படிப்பது பற்றி

நிழற்குடை:

நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் கூடி ஏதாவது ஒரு பழைய நூலை மெதுவாகப் படிக்கிறோம். இப்போது ஓடிக்கொண்டிருப்பது அரிஸ்டாட்டிலின் ‘ஆன்மாவைப் பற்றி’. போன வாரம் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். அதில்தான் அந்த மெழுகு உவமை வருகிறது. மெழுகு மோதிரத்தின் முத்திரையை வாங்கிக்கொள்கிறது, ஆனால் மோதிரத்தின் இரும்பையோ தங்கத்தையோ வாங்கிக்கொள்வதில்லை. அப்படித்தான் புலனும் பொருளின் வடிவத்தை, அதன் பருப்பொருள் இல்லாமல் வாங்கிக்கொள்கிறது என்கிறார்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் சோதிப்பவன். படித்ததும் வாயில் வந்துவிட்டது: “இது தகவல்தானே! வடிவம் மென்பொருள், பருப்பொருள் வன்பொருள்.” குழுவில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். “கி.மு. நான்காம் நூற்றாண்டு மனுஷன் வாயில் உன் ஆபீஸ் வேலையைத் திணிக்காதே” என்றார். டீ ஆறி ஏடு கட்டும்வரை சண்டை.

கேள்வி இதுதான். கிரேக்கர்கள் அறிவைப் பற்றியும் புலனைப் பற்றியும் சொன்னதை இன்றைய மனத் தத்துவத்தின் சொற்களில் படிப்பது நியாயமா? இல்லை, அது நம் முகத்தையே கண்ணாடியில் பார்த்துவிட்டு ‘அட, அரிஸ்டாட்டில்!’ என்பது போலவா?

பைனரிப்பயல்:

தாராளமாகப் படிக்கலாம். நீங்கள் தனியாக உளறவில்லை, அமெரிக்கத் தத்துவவாதி ஹிலரி பட்னமே அப்படித்தான் படித்தார். மனநிலை என்பது எந்தப் பொருளால் ஆனது என்பது முக்கியமில்லை, அது என்ன வேலை செய்கிறது, எதிலிருந்து வருகிறது, எதை உண்டாக்குகிறது என்பதே முக்கியம் என்ற செயற்பாட்டுவாதத்தை 1960களில் முன்வைத்தவர் அவர். 1975இல் வந்த ஒரு கட்டுரையில், நாம் சுவிஸ் பாலாடைக்கட்டியால் ஆனவர்களாக இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது என்கிற அளவுக்குப் போகிறார். அங்கேயே அரிஸ்டாட்டிலைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்: நமக்கு வேண்டியது வடிவம், பருப்பொருள் இல்லை, இதை அரிஸ்டாட்டில் முன்பே கண்டிருந்தார் என்று.

‘ஆன்மாவைப் பற்றி’யின் முதல் நூல், முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கோபம் என்றால் என்ன என்று கேட்டால் தர்க்கவாதி ‘பழிக்குப் பழி வாங்கும் ஆசை’ என்பான், இயற்கையை ஆய்பவன் ‘இதயத்தைச் சுற்றியுள்ள இரத்தம் கொதிப்பது’ என்பான். ஒன்று நிரல், இன்னொன்று அது ஓடும் கருவி. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

வடக்குவாசல்:

ஒவ்வொரு காலமும் தன் கையில் இருக்கும் எழுதுகருவியை மனம் என்று நினைத்துக்கொள்கிறது. பிளேட்டோவுக்கு மெழுகு, நமக்குக் கணினி. இன்னும் நூறு வருடம் கழித்து வேறு ஏதாவது வரும், அப்போதும் ‘அரிஸ்டாட்டில் அன்றே சொன்னார்’ என்பார்கள்.

தேற்றான்கொட்டை:

வடக்குவாசல் சொன்னதில் பாதி சரி. பிளேட்டோ ‘தியேட்டீட்டஸ்’ உரையாடலில் கொண்டுவரும் மெழுகுக் கட்டி நினைவைப் பற்றியது. முன்பு கண்டது பதிந்து கிடக்கிறது, இப்போது காண்பதை அந்தப் பதிவோடு தப்பாகப் பொருத்தினால் பிழை. தூரத்தில் வருகிற அந்நியனைத் தெரிந்தவன் என்று எண்ணிக் கை காட்டிவிட்டு அசடு வழிவோமே, அது. அரிஸ்டாட்டிலின் அந்த அதிகாரத்தில் சேமிப்பைப் பற்றிய பேச்சே கிடையாது. பார்க்கிற அந்தக் கணத்தில் நடப்பதைச் சொல்ல மெழுகைக் கூப்பிடுகிறார். ஒரே மெழுகு, இரண்டு வேலை.

இனி நிழற்குடையின் கேள்வி. இது ஒரு நீண்ட வழக்கு. நான் வகுப்பெடுத்த காலத்தில் இதற்கே இரண்டு வாரம் போய்விடும், சுருக்கிப் பார்க்கிறேன்.

பட்னம் ஆரம்பித்து வைத்ததை மார்த்தா நஸ்பாம் 1978இல் அரிஸ்டாட்டிலின் ‘விலங்குகளின் அசைவு’ பற்றிய நூலில் இன்னும் நுணுக்கமாக எடுத்துச் சென்றார். இதற்கு முன்பே ரிச்சர்ட் சொராப்ஜி 1974இல் வேறொன்று சொன்னார்: வடிவத்தை வாங்குவது என்றால் உண்மையாகவே வாங்குவது. சிவப்பைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் சிவப்பாகிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கிறதா? அரிஸ்டாட்டிலுக்குக் கண்ணின் உட்பகுதி நீரால் ஆனது, நிறமற்றது, எந்த நிறத்தையும் ஏற்கத் தயாரானது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், சிரிப்பு அடங்கும். செயற்பாட்டுவாதிகளுக்கு இந்த வாசிப்பு வசதி. ‘பார்த்தல்’ என்ற வேலைக்குக் கீழே ஒரு உடல் மாற்றம் இருக்கிறது, அதுதான் வன்பொருள் என்று காட்டிவிடலாம்.

அப்புறம் மைல்ஸ் பர்னியெட் வந்தார். 1983இல் ஒரு கட்டுரையைக் கைப்பிரதியாகச் சுற்றுக்கு விட்டார். ‘அரிஸ்டாட்டிலிய மனத் தத்துவம் இன்னும் நம்பத்தக்கதா?’ என்பது தலைப்பு. அச்சில் வந்தது 1992இல் ஒரு தொகுப்பில், அப்போதும் தலைப்பில் ‘வரைவு’ என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. ஒன்பது வருடம் ஊரே அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கட்டுரையின் அடி இதுதான்: அரிஸ்டாட்டிலின் கண்ணில் எந்த உடலியல் மாற்றமும் நடப்பதில்லை. கண் சிவப்பை உணர்கிறது, அவ்வளவே. அதற்குக் கீழே வேறு தளம் கிடையாது.

ஏன்? அவருடைய பருப்பொருள் நம்முடைய பருப்பொருள் மாதிரியானது இல்லை. நமக்கு 17ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி டெகார்த்தே காலத்துக்குப் பிறகு பருப்பொருள் என்றால் உயிரற்ற சடம். உயிரும் உணர்வும் அதில் எப்படி ஏறின என்பதுதான் புதிர், அந்தப் புதிருக்கு விடையாகவே செயற்பாட்டுவாதம் பிறந்தது. அரிஸ்டாட்டிலுக்கோ செத்தவனின் கண் கண்ணே இல்லை, பெயரளவில் கண், கல்லில் செதுக்கிய கண் எப்படியோ அப்படி. சதை என்றால் உயிருள்ள சதை. உணரத் தயாராக இருப்பது அதன் இயல்பிலேயே இருக்கிறது. அவரிடம் போய் ‘சடத்தில் உணர்வு எப்படி வந்தது’ என்று கேட்டால், ‘எந்தச் சடம்?’ என்பார்.

பர்னியெட்டின் முடிவு கடுமையானது. அந்தப் பருப்பொருள் கோட்பாட்டை 17ஆம் நூற்றாண்டு இயற்பியல் கொன்றுவிட்டது. ஆகவே அரிஸ்டாட்டிலின் மனத் தத்துவத்தையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டும் என்றார். வாழ்நாளெல்லாம் கிரேக்கம் படித்த மனிதர் இதைச் சொல்கிறார் என்பதுதான் எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த விஷயம்.

பைனரிப்பயல்:

டீச்சர், அதே 1992 தொகுப்பில் நஸ்பாமும் பட்னமும் சேர்ந்து பதில் எழுதினார்களே, அதை விட்டுவிட்டீர்கள்.

தேற்றான்கொட்டை:

விடவில்லை தம்பி, மூச்சு வாங்கினேன். எழுதினார்கள். ஆனால் பட்னம் அதற்கு முன்பே, 1988லேயே, தான் பெற்ற பிள்ளையான செயற்பாட்டுவாதத்தைக் கைகழுவி விட்டிருந்தார். அந்தப் பதிலில் அவர்கள் காப்பாற்றப் பார்ப்பது அரிஸ்டாட்டிலை. கணினியை இல்லை.

கூழாங்கல்:

நான் மொழிக்காரன். இந்தச் சண்டையின் முன்பாதியில், அறிவு பற்றிய பாதியில், ஒரு சின்னக் கல் எறிகிறேன்.

‘தியேட்டீட்டஸ்’ உரையாடலில் அறிவு என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். தியேட்டீட்டஸ் என்ற அந்தப் பையன் முதலில் தரும் விடை: அறிவு என்பது ஐஸ்தேசிஸ், அதாவது புலனுணர்வு. ஆங்கிலத்தில் இதைப் படிக்கிறவர்கள் ‘இவ்வளவு அறிவுள்ள பையன் ஏன் இப்படி ஒரு அசட்டு விடை சொல்கிறான்?’ என்று திகைப்பார்கள். நமக்குத் திகைப்பே வரக் கூடாது. ‘மலை தெரிகிறது’, ‘எனக்குத் தெரியும்’. கண்ணுக்குப் படுவதும் அறிவதும் ஒரே வினை. ‘நீச்சல் தெரியும்’, ‘அவரைத் தெரியும்’, ‘பூமி உருண்டை என்று தெரியும்’ எல்லாம் அதே வினைதான். கில்பர்ட் ரைல் என்ற தத்துவவாதி 1949இல் திறனறிவு வேறு, செய்தியறிவு வேறு என்று பிரித்துக் காட்டப் பாடுபட்டார், நாம் இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறோம். கிரேக்கத்திலும் இதற்கு ஒப்பானது உண்டு. ‘ஓய்டா’, ‘எனக்குத் தெரியும்’ என்று பொருள்படும் சொல், வேரில் ‘பார்த்திருக்கிறேன்’ என்பதே.

அடுத்து புரொட்டாகொரஸ், சாக்ரடீஸ் காலத்துச் சிந்தனையாளர். அதே உரையாடலில் அவருடைய கொள்கையை சாக்ரடீஸ் சொல்லும் வாக்கியத்தைத் தமிழில் போட்டால் அலுங்காமல் உட்காரும்: ‘ஒவ்வொன்றும் எனக்கு எப்படித் தெரிகிறதோ எனக்கு அப்படியே இருக்கிறது, உனக்கு எப்படித் தெரிகிறதோ உனக்கு அப்படி.’ கிரேக்கத்திலும் நான்காம் வேற்றுமைதான், நமக்கும் ‘கு’. உதாரணம் காற்று. ஒரே காற்று வீசுகிறது, ஒருவன் நடுங்குகிறான், இன்னொருவன் நடுங்கவில்லை. ‘காற்று குளிர்ச்சியானது’ என்று வாக்கியம் அமைத்தால் ஒருவன் சொல்வது சரி, மற்றவன் சொல்வது தப்பு என்று ஆகும். நாம் என்ன சொல்கிறோம்? ‘எனக்குக் குளிர்கிறது.’ ‘எனக்குக் குளிரவில்லையே.’ இருவரும் சண்டை போட இடமே இல்லை. புரொட்டாகொரஸ் விரும்பியது இந்த இலக்கணத்தைத்தான்.

வடக்குவாசல்:

அழகாக இருக்கிறது, ஆனால் வேற்றுமை உருபை வைத்துத் தத்துவம் கட்டக் கூடாது. ‘அறிந்தேன்’ என்றும் நமக்கு உண்டு, அதில் ‘நான்’ எழுவாயாக ஜம்மென்று நிற்கிறது.

கூழாங்கல்:

கட்டவில்லை, படிக்க உதவுகிறது என்றேன். அதுவும் ஒரு இடத்தில் நம் இலக்கணம் காலை வாரும். அதே உரையாடலின் 184ஆம் பக்கம். சாக்ரடீஸ் கேட்கிறார்: நாம் கண்களால் பார்க்கிறோமா, கண்கள் வழியாகப் பார்க்கிறோமா? பையன் ‘வழியாக’ என்கிறான். அந்தச் சின்ன உருபு வேறுபாட்டில்தான் முழு வாதமும் தொங்குகிறது. கிரேக்கத்தில் முதல் வடிவத்தை வைத்தால் பார்ப்பவை கண்களே என்று ஆகிவிடும், இரண்டாவதில் கண் ஒரு வாசல் மட்டும். தமிழ் ‘ஆல்’ இரண்டு பக்கமும் சாயும்: ‘கோடரியால் வெட்டினான்’ என்பதில் கருவி, ‘கம்பரால் பாடப்பட்டது’ என்பதில் செய்தவரே. அதனால் ‘கண்ணால் பார்த்தேன்’ என்று மொழிபெயர்த்தவுடன் பிளேட்டோ மறுக்க வந்த கட்சி காணாமல் போய்விடுகிறது.

தேற்றான்கொட்டை:

கூழாங்கல் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அந்த இரண்டு பக்கங்கள், 184இலிருந்து 186 வரை, கிரேக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் போகிற இடம். அடுத்த வரியிலேயே மரக்குதிரை வரும். ட்ராய் நகரத்துக்குள் போன குதிரையின் வயிற்றில் வீரர்கள் தனித்தனியாக உட்கார்ந்திருந்த மாதிரி, நமக்குள் பார்வை ஒரு மூலையில், கேள்வி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் பயங்கரமாக இருக்கும் என்கிறார். எல்லாம் ஏதோ ஒன்றில் போய்ச் சேர வேண்டும்.

பிறகு கேட்கிறார்: ஒரு நிறம், ஒரு ஒலி. இரண்டும் ‘இருக்கின்றன’, இரண்டும் ‘வேறு வேறு’, சேர்த்தால் ‘இரண்டு’. இதை எந்த உறுப்பின் வழியாக அறிகிறோம்? நிறத்தைக் காது அறியாது, ஒலியைக் கண் அறியாது. ‘இருப்பது’, ‘வேறுபாடு’, ‘எண்’ இவற்றுக்கென்று தனி உறுப்பு கிடையாது, மனம் தானே தன்னால் ஆராய்கிறது என்கிறான் பையன். சாக்ரடீஸுக்கு அப்படி ஒரு சந்தோஷம், ‘நீ அழகன்’ என்கிறார். அவனுக்கு சாக்ரடீஸ் போலவே சப்பை மூக்கு, துருத்திய கண். பையனின் ஆசிரியர் தியோடோரஸ் முதலிலேயே ‘பையன் அழகனில்லை’ என்று சொல்லியிருப்பார், இது அதற்குப் பதில்.

இன்றைய கண்ணாடி போட்டவர்கள் உடனே ‘இது மூளை அறிவியலின் பிணைப்புப் பிரச்சினை’ என்பார்கள்: நிறம் ஓரிடத்தில், அசைவு ஓரிடத்தில் என்று மூளையில் பிரிந்து செயலாக்கப்படுவது எப்படி ஒரே காட்சியாகிறது? மரக்குதிரை வரைக்கும் அது பொருந்தும். அதற்கு மேல் பொருந்தாது. பிளேட்டோவின் அக்கறை உண்மை. ‘இருக்கிறது’ என்பதைத் தொடாத ஒன்று உண்மையைத் தொடாது, உண்மையைத் தொடாதது அறிவாகாது. சும்மா சிவப்பு தட்டுப்படுவது அறிவில்லை, ‘அது சிவப்பாக இருக்கிறது’ என்பதில்தான் அறிவு தொடங்குகிறது.

இதற்கு நெருங்கிய இன்றைய சொந்தக்காரர் அமெரிக்கத் தத்துவவாதி வில்ஃப்ரிட் செல்லர்ஸ். 1956இல் அவர் தாக்கிய ‘தரப்பட்டது என்னும் தொன்மம்’ இதே எலும்பைக் கடிக்கிறது. புலனில் ஏதோ படுவது ஒன்று, அதைக் காரணம் சொல்லி நிறுத்தக்கூடிய அறிவாகக் கொள்வது வேறொன்று. நான் ஒப்புமைக்காக இழுத்து ஒட்டவில்லை. ‘தியேட்டீட்டஸ்’ நூலை 1973இல் குறிப்புகளோடு மொழிபெயர்த்த ஜான் மெக்டவல்தான் 1994இல் ‘மனமும் உலகும்’ எழுதி செல்லர்ஸின் பிரச்சினையை மறுபடி நடுவில் வைத்தார். ஒரே மனிதர், இரண்டு மேசை.

மதிற்பூனை:

இப்போதுதான் வந்தேன். அறிவு என்றால் ‘தக்க காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கை’ என்று பிளேட்டோ வரையறுத்தார், 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கத்தில் அதை உடைத்தார். இத்தோடு கதை முடிந்ததே? பெயர் மட்டும் கெட்டியர், எழுதியது மூன்று பக்கம்.

கூழாங்கல்:

அந்த ‘வரையறுத்தார்’ என்பதில்தான் தப்பு. உரையாடலைக் கடைசிவரை படித்தால் அது நிராகரிக்கப்படுகிறது. மூன்றாவது விடையாக வருகிறது: உண்மையான எண்ணமும் லோகோஸும் சேர்ந்தால் அறிவு. லோகோஸுக்கு மூன்று பொருள் சொல்லிப் பார்க்கிறார்கள். எண்ணத்தை வாய்விட்டுச் சொல்வது, ஒரு பொருளின் உறுப்புகளை வரிசையாகச் சொல்வது, மற்றவற்றிலிருந்து அதைப் பிரிக்கும் அடையாளத்தைச் சொல்வது. ‘தக்க காரணம்’ என்பது இந்த மூன்றிலும் இல்லை! இரண்டாவதற்கு உதாரணம் பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட் சொன்ன வண்டியின் நூறு மரத்துண்டுகள். நம்மால் சக்கரம், அச்சு என்று நாலைந்துதான் சொல்ல முடியும், நூறையும் சொல்பவனுக்கே வண்டியின் அறிவு. இது நியாயப்படுத்துவது இல்லை, புரிந்துகொள்வது. கிரேக்க ‘எபிஸ்டெமே’யைப் பல இடத்தில் ‘அறிவு’ என்பதைவிடப் ‘புரிதல்’ என்று மொழிபெயர்த்தால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் கட்சி.

கடைசியில் மூன்று விடையும் காற்றடைத்த முட்டை என்று தள்ளிவிட்டு, தன்மீது போட்டிருக்கும் வழக்குக்காக அரச மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று சாக்ரடீஸ் எழுந்து போகிறார். அந்த வழக்கு எங்கே போய் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மதிற்பூனை:

சரி, வாபஸ். ‘புரிதல்’ பற்றி யோசிக்கிறேன்.

நெறியாளர்:

சிவஞான சித்தியாரின் அளவை இயலையும் கிரேக்கத்தையும் ஒப்பிட்டு வந்த நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். நல்ல பதிவுகள், ஆனால் இங்கே ஏற்கெனவே மூன்று சண்டை நடக்கிறது.

ஒலிப்படம்:

நான் வயிற்று ஸ்கேன் எடுக்கும் மருத்துவர். தத்துவம் படித்தது விடுதி அறையில், தூக்கம் வராத இரவுகளில். ‘தெரிகிறது’ பற்றிக் கூழாங்கல் எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

பயிற்சியின் முதல் மாதம் திரையில் எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறத் தூறல். மூத்தவர் விரலை வைத்து “கல் பார்” என்பார். நான் தூறலைப் பார்ப்பேன். கல் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அதற்குப் பின்னால் கருப்பாக நிழல் விழும், அதைப் பார் என்பார். நிழலை வைத்துக் கல் இருக்க வேண்டும் என்று ஊகித்தேன். இப்போது ஊகம் எதுவும் இல்லை, கல் தெரிகிறது. மாறியது என் பார்வையா, பார்வைக்குப் பின் வரும் தீர்ப்பா?

ஜெர்ரி ஃபோடர் என்ற தத்துவவாதி 1983இல் சொன்னபடி பார்த்தால், புலன் ஒரு மூடிய பெட்டி. நமக்கு என்ன தெரிந்தாலும் அது உள்ளே கசியாது. இரண்டு கோடும் சம நீளம் என்று அளந்து பார்த்த பிறகும் அம்புக்குறி போட்ட கோடுகள் சமமில்லாமல்தானே தெரிகின்றன? ஆக மாறியது தீர்ப்பு. ஸ்டோயிக்குகள் என்ற பழைய கிரேக்கத் தத்துவப் பள்ளியினர் மறுபக்கம். புலனில் விழும் தோற்றத்தையே அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: பயிற்சி பெற்றவனுடையது, பெறாதவனுடையது. ஒரே சிலையைச் சிற்பி பார்ப்பது வேறு, மற்றவன் பார்ப்பது வேறு. தீர்ப்பு அதற்குப் பின்னால் வரும் தனிக் கட்டம், அதற்கு ‘ஒப்புதல்’ என்று பெயர். அந்தப் பள்ளியைத் தொடங்கிய ஸீனோ கையால் காட்டுவாராம். விரித்த உள்ளங்கை தோற்றம், சற்றே மடங்கிய விரல்கள் ஒப்புதல், மூடிய முட்டி பற்றிக்கொள்ளல், அந்த முட்டியை இன்னொரு கை இறுக்கிப் பிடித்தால் அறிவு. ரோமானியர் சிசரோ எழுதி வைத்திருக்கிறார்.

இதே சிசரோ டெலோஸ் தீவின் கோழி வளர்ப்பவர்களையும் சொல்கிறார். முட்டையைப் பார்த்தே எந்தக் கோழி இட்டது என்று சொல்லிவிடுவார்களாம். ‘இரண்டு முட்டைக்கு வித்தியாசம் தெரியாது, ஆகவே எந்தத் தோற்றத்தையும் நம்ப முடியாது’ என்ற ஐயவாதிகளின் வாதத்துக்கு நடுவில் இந்தக் கோழிக்காரர்கள் வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் மூத்தவர் ஒரு டெலோஸ் கோழிக்காரர்.

ஸ்ஃபைரஸ் என்ற ஸ்டோயிக்கின் கதையும் உண்டு. ஸ்டோயிக் ஞானி பொய்த் தோற்றத்துக்கு ஒப்புதல் தரவே மாட்டான் என்று பேசிய அவர் முன்னால், அரசன் தாலமி ஃபிலோபேட்டர் மெழுகு மாதுளம்பழங்களை வைக்கச் சொன்னான். அவர் ஏமாந்துவிட்டார். அரசன் கைகொட்ட, அவர் சொன்னாராம்: “இவை மாதுளை என்பதற்கு நான் ஒப்பவில்லை. இவை மாதுளை என்று கொள்வது நியாயம் என்பதற்கே ஒப்பினேன்.” மறுபடியும் மெழுகு! ஸ்கேன் அறிக்கையில் ‘கல்லோடு ஒத்துப்போகிறது’ என்று நாங்கள் எழுதுவோம், அது ஸ்ஃபைரஸ் வாக்கியம்தான்.

வடக்குவாசல்:

டாக்டர், இதுவரை வந்ததில் இதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தத் தோற்றம் உண்மையானது என்று உள்ளிருந்தபடியே எப்படித் தெரியும்? பொய்த் தோற்றமும் அதே மாதிரி இருக்குமே.

ஒலிப்படம்:

அதைத்தான் ஐயவாதி ஆர்கெசிலாஸ் கேட்டார். இன்றைய ஆய்வாளர் மிகாயேல் ஃப்ரேடெ 1983இல் ஒரு பதில் கொடுத்தார்: உள்ளே ஒரு முத்திரை ஒளிர வேண்டியதில்லை, அந்தத் தோற்றம் சரியான வழியில், அந்தப் பொருளால் உண்டாகியிருந்தால் போதும், அது நம்மில் வேலை செய்யும் விதமும் வேறாக இருக்கும். இன்றைய சொல்லில் புறவாதம். நான் அறிவதற்கு, நான் அறிகிறேன் என்று அறிய வேண்டியதில்லை. இந்த வாசிப்பை எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு அது பாதிதான் திருப்தி. தப்பாகப் பார்த்த நாட்களிலும் கல் எனக்கு அதே பளிச்சோடுதான் தெரிந்தது.

தேற்றான்கொட்டை:

ஒரு சாட்சியைக் கொண்டுவர மறந்துவிட்டேன். நிழற்குடை, உங்கள் முதல் கேள்விக்கு இது நேராகப் போகும்.

அரிஸ்டாட்டிலின் ‘மெட்டாஃபிசிக்ஸ்’, ஏழாம் நூல், 11ஆம் அதிகாரம். வட்டம் வெண்கலத்திலும் வரலாம், கல்லிலும் வரலாம், மரத்திலும் வரலாம். ஆகவே வெண்கலமோ கல்லோ வட்டத்தின் சாரத்தில் சேராது. சரி, மனிதன்? மனித வடிவம் எப்போதும் சதையிலும் எலும்பிலும்தான் காணப்படுகிறது. எல்லா வட்டங்களும் வெண்கலமாகவே இருந்திருந்தால் வெண்கலத்தை மனதில் பிரித்தெடுப்பது கடினமாகியிருக்கும், அப்படித்தான் இதுவுமா? பட்னம் இதை எழுதியிருந்தால் ‘ஆமாம்’ என்று அடுத்த வரி வந்திருக்கும். அரிஸ்டாட்டில் அங்கே திரும்புகிறார். இளைய சாக்ரடீஸ் என்பவர் விலங்கைப் பற்றி இந்த ஒப்புமையைச் சொல்லி வந்தார், அது நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது, வெண்கலம் இல்லாமல் வட்டம் இருப்பது போல உறுப்புகள் இல்லாமல் மனிதன் இருக்க முடியும் என்று நினைக்க வைக்கிறது, விலங்கு உணரும் பொருள், அசைவைச் சொல்லாமல் அதை வரையறுக்க முடியாது என்கிறார்.

யார் இந்த இளைய சாக்ரடீஸ்? ‘தியேட்டீட்டஸ்’ உரையாடலில் அந்தப் பையனின் கூட்டாளியாக ஒரு வரியில் வந்து போகிறவர், சாக்ரடீஸின் பெயரையே கொண்டவர். கிரேக்கத்தில் ஒரு செயற்பாட்டுவாதி வேண்டுமென்றால் ஆள் இருக்கிறார். அரிஸ்டாட்டில் அவரை மறுத்தவர்.

இன்றைய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போகாவிட்டால் இந்தப் பத்தி என் கண்ணில் பட்டிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் பல வருடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். பட்னம் தப்பாகச் சொன்ன பிறகுதான் அங்கே நின்றேன். நான் பழைய நூலுக்குப் புதுக் கண்ணாடி போட்டுப் போவது பொருந்தாத இடத்தைத் தேடித்தான்.

நிழற்குடை:

முகம் சுளித்த நண்பருக்கு இந்த இழையை அனுப்பினேன். “நான் அப்போதே சொன்னேன்” என்றார். அவர் சொன்னது இது இல்லை, ஆனாலும் விட்டுவிட்டேன்.

‘தகவல்’ என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். 12ஆம் அதிகாரத்திலேயே எனக்கு எதிரான வரி இருந்திருக்கிறது. செடி சூடாகிறது, குளிர்கிறது, ஆனால் உணர்வதில்லை, ஏன்? செடி பருப்பொருளோடு சேர்ந்து பாதிக்கப்படுகிறது, வடிவத்தை மட்டும் வாங்கும் நடுநிலை அதனிடம் இல்லை என்கிறார். எங்கள் ஆபீஸ் ஏசியின் வெப்பநிலை உணரி 24 காட்டிக்கொண்டே இருக்கும், அதற்குக் குளிர்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. ஞாயிறு ‘மெட்டாஃபிசிக்ஸ்’ பக்கத்தை எடுக்கிறோம்.

பைனரிப்பயல்:

எல்லோரும் என் கட்சியைப் புதைத்துவிட்டுப் பூ வைக்கிறீர்கள். ஒரே ஒரு கேள்வி. தொட்டாற்சுருங்கிச் செடியைக் காட்டியிருந்தால் அரிஸ்டாட்டில் என்ன சொல்லியிருப்பார்?

தேற்றான்கொட்டை:

தொட்டாற்சுருங்கி அமெரிக்கக் கண்டத்துச் செடி, அவர் பார்த்திருக்க வழியில்லை. ஆனால் உங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன், கொடுக்க மனமில்லாமல் கொடுக்கிறேன். ‘விலங்குகளின் வரலாறு’ நூலில் கடற்பஞ்சு வருகிறது. பாறையில் ஒட்டிக்கொண்டு, அசையாமல், முழுக்கச் செடி மாதிரி இருக்கும். அதற்கு ஏதோ உணர்வு இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார். அடையாளம் என்ன? பறிக்க வருவதைக் காட்டிக்கொள்ளாமல் திடீரென்று பிடுங்கினால் எளிதில் வரும், இல்லாவிட்டால் இறுகிக்கொண்டு எளிதில் வராதாம். டொரோனே ஊர்க்காரர்கள் மட்டும் இதை ஒத்துக்கொள்வதில்லை என்றும் எழுதுகிறார்.

பைனரிப்பயல்:

அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தானே உணர்வு இருக்கிறது என்கிறார்? டீச்சர்?

தேற்றான்கொட்டை:

அடையாளம் என்றுதான் சொன்னார், உணர்வே அதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் டொரோனேக்காரர்கள் எதை வைத்து மறுத்தார்கள் என்று அவர் எழுதவில்லையே, அதுதான் எனக்கும் இன்று தூக்கத்தைக் கெடுக்கப் போகிறது.